சுவர் முழுக்க உன் முகம்

அன்பு மகள் சிட்டுவுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

உன் அம்மாவும் நானும் இங்கே உடம்புக்குக் குறைவில்லாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம், மாப்பிள்ளையும் பேத்திக்குட்டியும் அங்கே சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். உன்னை மட்டும் சௌக்கியமா என்று பொத்தாம்பொதுவாக விசாரித்துவிட்டு நகர மனசு வரவில்லை. உன் வயிற்றுத் தையல் எப்படி இருக்கிறது, பிரிந்துபோன அந்த ஓரம் உள்ளேயிருந்து மூடிக்கொண்டு வருகிறதா, இருமினால் இழுக்கிறதா, கட்டு மாற்றும்போது வாடை ஏதும் வருகிறதா என்றுதான் கேட்கிறேன். பெற்ற மகளிடம் ஒரு அப்பன் இதையெல்லாம் கேட்கலாமா என்று உனக்குக் கூச்சமாக இருக்கும். எனக்கும் கை கூசுகிறது, இந்த நாலு வரியை எழுதுவதற்குள் டீ ஆறிப்போய்விட்டது. ஆனால் கூச்சம், கௌரவம் என்று நான் பார்த்ததில்தான் உனக்கு இவ்வளவு வினை வந்தது, அதனால் இந்தக் கடிதம் முடியும்வரை அந்த இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு எழுதப் பார்க்கிறேன்.

கடிதம் எழுதி எத்தனையோ வருஷமாகிவிட்டது. கடையில் நான் எழுதுவதெல்லாம் வாரண்டி அட்டையும் டெலிவரி சீட்டும்தான், நடுவில் எங்காவது மாடல் எண், வாங்கிய தேதி என்று வந்துவிட்டால் சிரித்துவிடாதே, சிரித்தால் தையல் இழுக்கும். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நீ இப்போது அம்மாவிடம் மட்டும்தான் பேசுகிறாய், அதுவும் முகம் காட்டாமல் வெறும் குரலில். அப்பா பக்கத்தில் இருக்காராம்மா என்று நீ கேட்பதும், குளிச்சிட்டு இருக்கார் என்று அவள் சொல்வதும், பக்கத்து நாற்காலியில் உலர்ந்த தலையோடு உட்கார்ந்திருக்கும் எனக்குக் கேட்கத்தான் செய்கிறது. இந்த ஒரு மாசத்தில் உன் அம்மா கணக்குப்படி நான் குளித்த குளியலுக்கு உடம்பே கரைந்து போயிருக்க வேண்டும். நீ கோபத்தில் என்னிடம் பேசாமல் இருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். நீ கோபப்படவில்லை, என் முகத்தில் முழிக்கக் கூசிப்போய் இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உன் அம்மாவுக்கு விசா வந்துவிட்டது தெரியும்தானே, அடுத்த வாரம் கிளம்புகிறாள். வீடு முழுக்கப் பெட்டி கட்டும் அமளி. கடையிலிருந்து எடை மெஷினைக் கொண்டுவரச் சொன்னாள், பெட்டியை அதன்மேல் வைத்தால் முள் தெரியவில்லை என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு தானே ஏறி நின்று, அப்புறம் பெட்டி இல்லாமல் ஏறி நின்று, கழித்துப் பார்த்துவிட்டு, மெஷின் பொய் சொல்கிறது என்று என்னைத் திட்டினாள். குழந்தைக்குத் தைத்த சட்டைகள், உனக்கு இடுப்பில் அழுத்தாத மாதிரி நாடா வைத்துத் தைத்த பாவாடைகள், துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பழைய பருத்தித் துணிகள் என்று அடுக்கிக்கொண்டே இருக்கிறாள். என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. சாப்பாடு மேசைமேல இருக்கு, மோட்டார் நிறுத்துங்க, அவ்வளவுதான் எங்கள் உரையாடல். இந்தக் கடிதத்தைப் பெட்டியில் வைக்கலாமா என்று கேட்டதற்கு, "நீங்க எழுதினத நான் படிக்கமாட்டேன், கொண்டுபோய் அவ கையில குடுக்கறேன். ஆனா பூசி மெழுகி எழுதுறதா இருந்தா எழுதவே வேண்டாம், பெட்டியில இடம் இல்ல" என்றாள். அதனால் பூசாமல் எழுதுகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி உனக்குத் தெரிந்தது பாதிதான். உன் போனில் நீ பார்த்தது என் முகமும் எனக்குப் பின்னால் நாலைந்து தலைகளும். இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று நீ அறியமாட்டாய், சொல்கிறேன். எங்கள் கடையில் டிவி மாட்டியிருக்கும் அந்த நீளச் சுவர் உனக்கு ஞாபகம் இருக்கும், சின்னதிலிருந்து கதவளவு பெரியது வரைக்கும் வரிசையாக. எல்லாவற்றுக்கும் ஒரே இணைப்பு, ஒன்றில் மீன் நீந்தினால் எல்லாவற்றிலும் அதே மீன்தான் நீந்தும். அன்றைக்குக் கூட்டமான நாள். பேத்தி பிறந்த பெருமையில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. வருகிறவர்கள் போகிறவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்துக்கொண்டிருந்தேன். ஆப்பரேஷன்தான், ஆனா வலியே இல்லாம எடுத்துட்டாங்க, எங்க பொண்ணு அடுத்த நாளே எழுந்து நடந்துட்டா, இந்தக் காலத்துல இதெல்லாம் ஒரு விஷயமா என்று பேசினேன். வாஷிங் மெஷின் பார்க்க வந்த ஒரு அம்மா, என் வயசு இருக்கும், "நடந்துட்டா வலி இல்லன்னு அர்த்தமா சார்" என்று கேட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. முதலாளியிடம், சார், என் பேத்திய நம்ம சுவர்ல போட்டுக் காட்டட்டுமா என்று கேட்டேன். அவர் நல்ல மனுஷர், தாராளமா போடுங்க என்றார். மீனை எடுத்துவிட்டு என் போனை இணைத்தேன். நீ போனை எடுத்ததும் சுவர் முழுக்க உன் முகம். சத்தமும் எல்லா டிவியிலும் வந்தது.

நீ படுத்திருந்தாய். தலை கலைந்து, கண் வீங்கி, ஒரு பக்கமாகச் சரிந்து படுத்திருந்தாய். கட்டிலுக்குக் கீழே, காரில் மாட்டுகிற அந்தக் கூடை மாதிரி சீட்டில் குழந்தை கிடந்தது. அதைப் பார்த்ததும் ஒரு அப்பனுக்கு என்ன தோன்ற வேண்டும்? எனக்கு, இவ்வளவு பேர் முன்னால் இப்படிப் படுத்துக் கிடக்கிறாளே என்றுதான் தோன்றியது. எந்திரிச்சு நில்லும்மா, குழந்தைய அந்த கார் சீட்டோட தூக்கிக் காட்டு, எல்லாரும் பாக்கறாங்க என்று சொன்னேன். நீ மெதுவாக, "அப்பா, ஒரு ஓரத்துல இழுக்குதுப்பா, காலையில இருந்து ஈரமா இருக்கு, அப்புறமா காட்டட்டுமா" என்று கேட்டாய். நீ கேட்டது சுவர் முழுக்கக் கேட்டது. அங்கே நின்ற பெண்கள் முகமெல்லாம் மாறியது, நான் ஒருவன்தான் மாறவில்லை. அட, எங்க பொண்ணா எந்திரிக்கமாட்டா, எல்லாம் சோம்பேறித்தனம் என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லிச் சிரித்தேன். உன்னைப் பார்த்துக்கூடச் சொல்லவில்லை. நீ எழுந்தாய். போனை எதிரே சாய்த்து வைத்துவிட்டு, மல்லாந்து திரும்பி அப்படியே வயிற்றை மடக்கி எழுந்தாய், குனிந்தாய், குழந்தையையும் சீட்டையும் சேர்த்துத் தூக்கினாய். உன் முகம் சட்டென்று வெளுத்ததைப் பார்த்தேன். குழந்தையை எப்படியோ கட்டிலில் வைத்துவிட்டாய். அப்புறம் உன் வெளிர் நீல நைட்டியில் அடிவயிற்றுப் பக்கம் அந்தக் கறை விரிந்தது. அந்தப் பெரிய டிவியை நான்தான் தினமும் நிறமெல்லாம் நேரில் பார்ப்பதுபோல் துல்லியமாகத் தெரியும் என்று சொல்லி விற்கிறேன். தெரிந்தது.

அந்த வாஷிங் மெஷின் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அவருக்கு உன் பெயர் தெரியாது, போனும் அவர் கையில் இல்லை, சுவரைப் பார்த்தே கத்தினார். "பாப்பா, நிக்காத, படு. சுத்தமான துணிய வச்சு அழுத்திப் புடி. ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணு, இப்பவே." அவர் சொன்னது உனக்குக் கேட்டதோ இல்லையோ, ஏனென்றால் அதே நேரத்தில் நானும் கத்தினேன், ஐயோ மானம் போச்சே, நிறுத்து, நிறுத்து என்று. அது உனக்குக் கேட்டிருக்கும். அதற்கப்புறம் படம் போய்விட்டது. லைன் கட்டாயிடுச்சு, அப்பா பதறிப்போயி திரும்பத் திரும்ப கூப்பிட்டாராம், கிடைக்கலையாம் என்று உன் அம்மா உன்னிடம் சொல்லியிருக்கிறாள். சிட்டு, லைன் கட்டாகவில்லை. நான்தான் நிறுத்தினேன். உன் பக்கத்தில் யாரும் இல்லை, மாப்பிள்ளை ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்குப் போயிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் நிறுத்தினேன். அவள் பொய் சொன்னது என்னைக் காப்பாற்ற இல்லை. பச்ச உடம்புக்காரி, இத வேற அவ தாங்கணுமா, நிஜத்த ஒரு நாள் நீங்களே சொல்லணும் என்றாள். இன்றைக்குச் சொல்லிவிட்டேன்.

தையல் பிரிந்து, சீழ் கோத்து, உன்னை மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள் என்று செய்தி வந்த பிறகு உன் அம்மா என்னை ஒரு பெண் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். பிரசவம் பார்க்கிற மருத்துவமனை அது. வரிசையாக நாற்காலி போட்ட கூடம், எல்லா நாற்காலியிலும் வயிறு தள்ளிய பெண்கள், நடுவில் நரைத்த மீசையோடு நான். பக்கத்தில் இருந்த பெண், யாருக்கு அங்கிள் காட்ட வந்திருக்கீங்க என்று கேட்டாள், நான் கையிலிருந்த டோக்கனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உள்ளே போனதும் டாக்டர், யாரு பேஷன்ட் என்றார். உன் அம்மா யோசிக்கவே இல்லை, என்னைக் கைகாட்டி, இவர்தான் என்றாள். நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். ஆப்பரேஷன்னா சுலபம்னு நினைச்சேன் டாக்டர் என்றேன். "வெளிய தெரியறது ஒரு கோடு சார், உள்ள தோலு, கொழுப்பு, சதைக்கு மேல இருக்கிற உறை, கர்ப்பப்பைன்னு ஒண்ணொண்ணா திறந்து ஒண்ணொண்ணா மூடியிருக்கோம். அதே வயித்தோட அந்தப் பொண்ணு தூக்கம் இல்லாம குழந்தைக்குப் பால் குடுக்குது. வேற எந்த ஆப்பரேஷன் பண்ணவங்களுக்காவது மறுநாளே கையில ஒரு உசுர குடுத்து நீதான் பாத்துக்கணும்னு சொல்றமா" என்று கேட்டார். அப்புறம், அவளுக்கு என்னவெல்லாம் இருக்கும், நான் என்ன தெரிஞ்சுக்கணும் சொல்லுங்க என்று கேட்டேன். அவர் பொறுமையாகச் சொன்னார், நானும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கேட்டுக்கொண்டேன். உன் அம்மாவுக்குப் பாதி தெரிந்திருந்தது. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை.

உன்னிடம் ஆஸ்பத்திரியில் சொல்லியிருப்பார்கள், ஆனாலும் நான் சொல்கிறேன், இதற்கு எதிர்மாறாக உன்னைச் செய்யச் சொன்ன வாய் இது. படுக்கையிலிருந்து எழும்போது ஒருக்களித்துத் திரும்பி, காலை முதலில் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழ வேண்டுமாம், வயிற்றால் எழக்கூடாதாம். இருமலோ தும்மலோ வந்தால் ஒரு தலையணையை எடுத்து வயிற்றோடு அணைத்துக்கொள்ள வேண்டும். குழந்தையின் எடைக்குமேல் எதையும் தூக்காதே, துணிக்கூடை, தண்ணீர் வாளி, அந்தப் பாழாய்ப்போன கார் சீட் எதையும். வீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பது நல்லது, ஒரேயடியாகப் படுத்தே கிடந்தால் காலில் ரத்தம் உறைந்துவிடுமாம், ஆனால் வலி கூடுகிற இடத்தில் நிறுத்திவிட வேண்டும், யாருக்காகவும் ஒரு அடி கூட எடுத்து வைக்கக்கூடாது. வயிற்றைக் கிழித்து எடுத்தாலும் கீழே ரத்தப்போக்கு சில வாரம் இருக்கும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தையலைச் சுற்றி மரத்துப்போன மாதிரி இருக்கும், அப்புறம் அரிக்கும், அதற்கெல்லாம் பயப்படாதே. மலச்சிக்கல் வரும், முக்காதே, தண்ணீர் நிறையக் குடி, மருந்து கொடுத்தால் கூச்சப்படாமல் போட்டுக்கொள். பால் கொடுக்கும்போது குழந்தையை வயிற்றின்மேல் கிடத்தாமல் பக்கவாட்டில் கைக்குள் இடுக்கிக்கொண்டால் தையலில் படாது என்றார். அம்மா தலையணையை வைத்துக்கொண்டு எனக்கே செய்து காட்டினாள்.

உனக்குப் பிரிந்துபோன தையல் ஆதலால் மற்றவர்களைவிட நாள் கூடத்தான் ஆகும், உள்ளேயிருந்து சதை வளர்ந்து மேலே வர வேண்டும், அவசரப்பட்டால் மேலே மூடிக்கொண்டு உள்ளே சீழ் தங்கிவிடும் என்றார் டாக்டர். இதைக் கேட்டபோது எனக்கு ஒன்று உறைத்தது. புது ஃப்ரிட்ஜ் டெலிவரி எடுக்கிற ஒவ்வொருவரிடமும் நான் சொல்வேன், வண்டியில குலுங்கி வந்திருக்கு, வீட்டுக்குப் போனதும் சுவிட்ச் போட்டுடாதீங்க, கொஞ்ச நேரம் சும்மா நிக்கட்டும் என்று. ஒரு நாள் தவறியதில்லை, மறந்தால் வாசல் வரைக்கும் ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறேன். ஒரு இரும்புப் பெட்டிக்குக் கொடுத்த அவகாசத்தை உனக்கு நான் கொடுக்கவில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தார், அவர்மேல் கோபப்படாதே, அவர் கோள் சொல்லவில்லை, குரலே உடைந்துபோய்ப் பேசினார். கட்டு மாற்ற வருகிற நர்ஸிடம் நீ எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறாயாம். அவரையும் பார்க்க விடுவதில்லையாம், குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நீயே கண்ணை மூடிக்கொண்டு மாற்றுகிறாயாம், குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாயாம். போன வாரம் உனக்குக் காய்ச்சல் வந்தபோது நர்ஸ் வருவதற்கு முன்னால் மாத்திரை போட்டுச் சூட்டை இறக்கிவிட்டு ஒன்றும் இல்லாதவள்போல் உட்கார்ந்திருந்தாயாம், மாத்திரை அட்டையைப் பார்த்துத்தான் மாப்பிள்ளை கண்டுபிடித்து உடனே ஆஸ்பத்திரியில் காட்டியிருக்கிறார். நல்ல வேளை, சின்னதாகவே போயிற்று. ஏன் மறைச்ச என்று கேட்டதற்கு, மறுபடி எல்லாருக்கும் அசிங்கமாயிடும்னு என்று சொன்னாயாம். அவர் இதைச் சொல்லும்போது நான் கடையில் நின்றுகொண்டிருந்தேன், பக்கத்தில் இருந்த மிக்ஸி பெட்டிமேல் உட்கார்ந்துவிட்டேன்.

சிட்டு, அசிங்கம் என்ற அந்தச் சொல் உன்னுடையது இல்லை. அது நான் உனக்குக் கொடுத்தது. காயம் ஆறுகிற காயம்தான், ஆறுமா ஆறாதா என்பது இப்போது மருந்தைவிட நீ வாயைத் திறப்பதில்தான் இருக்கிறது. காய்ச்சல் வந்தாலோ, தையல் சிவந்து சுடச்சுட இருந்தாலோ, நீர் வடிந்தாலோ, வாடை வந்தாலோ, திடீரென்று ரத்தப்போக்கு கூடினாலோ, ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே அப்போதே சொல்ல வேண்டும், பொறுத்துப் பார்ப்போம் என்பதே கூடாது என்று டாக்டர் மேசையைத் தட்டிச் சொன்னார். அழுகையையும் சொல் என்றார். பிள்ளை பெற்ற புதிதில் கண்ணீர் வருவது இயற்கைதான், ஆனால் நாளாக ஆக அது குறையாமல் கூடிக்கொண்டே போனால் அதற்கும் மருத்துவம் உண்டு, அது திமிரும் இல்லை, சோம்பேறித்தனமும் இல்லை. அவர் அந்தச் சோம்பேறித்தனம் என்ற வார்த்தையைச் சொன்னபோது என்னைப் பார்க்கவில்லை. ஆனால் உன் அம்மா பார்த்தாள்.

இன்னும் ஒன்று பாக்கி இருக்கிறது. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று பேனாவை மூடி வைத்துவிட்டுக் கடைக்குப் போய்ப் பார்த்தேன், முடியவில்லை. போனை நிறுத்திய பிறகு நான் உன்னைத் திரும்பக் கூப்பிடவே இல்லை. அந்த அம்மா, சார், உங்க பொண்ண கூப்பிடுங்க என்று இரண்டு முறை சொன்னார். அவ வீட்டுக்காரர் பாத்துக்குவாரும்மா என்று சொல்லிவிட்டு நான் முதலில் சுவரில் மறுபடி மீனைப் போட்டேன். அவர் வாங்க வந்த மெஷினை வாங்காமல் கடையை விட்டு இறங்கிப் போனார். அப்புறம் ஒரு கணவன் மனைவி ஃப்ரிட்ஜ் கேட்டு வந்தார்கள். நான் அவர்களுக்குக் கதவைத் திறந்து காட்டினேன், காய்கறித் தட்டை இழுத்துக் காட்டினேன், ஐஸ் எவ்வளவு சீக்கிரம் பிடிக்கும் என்று விளக்கினேன். அந்தக் கூட்டத்தின் முன்னால் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்துவிட்டால் ஒன்றும் நடக்கவில்லை என்றாகிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. அந்த நேரம் முழுக்க நீ தரையில் உட்கார்ந்து ஒரு கையால் வயிற்றை அழுத்திக்கொண்டு, மறு கையால் மாப்பிள்ளைக்குப் போன் போட்டுக்கொண்டு, அழுகிற குழந்தையை எட்ட முடியாமல் இருந்திருக்கிறாய். நான் அந்த ஃப்ரிட்ஜை விற்றும் முடித்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து நீ எனக்கு ஒரு செய்தி அனுப்பினாய். "அப்பா, சாரிப்பா, எல்லார் முன்னாடியும் உங்கள தலைகுனிய வச்சிட்டேன்" என்று. நான் என்ன பதில் அனுப்பினேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். பரவாயில்லம்மா, விடு என்று அனுப்பினேன், கூட ஒரு கட்டைவிரல் படமும். நீ ரத்தம் சிந்தியதற்கு நான் உன்னை மன்னித்துவிட்டேன், சிட்டு. பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டு, அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிடவும் செய்தேன். அதை நினைத்தால் என்னால் என் முகத்தைக் கண்ணாடியில் பார்க்க முடியவில்லை, சவரம் செய்யும்போது கன்னத்தை மட்டும் பார்த்துச் செய்துகொள்கிறேன். உன்னிடம் மன்னிப்புக் கேட்கவே இதையெல்லாம் எழுதுகிறேன் என்று நினைக்காதே. நீ மன்னிக்காமல் இருந்தாலும் எனக்குச் சரிதான், உனக்கு ஆறட்டும். ஆனால் நீ என்னிடம் கேட்ட மன்னிப்பு என்னிடம் இருக்கக்கூடாது. அதை நான் வாங்கியிருக்கவே கூடாது, அந்தப் பரவாயில்லையை நான் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.

அந்த வாஷிங் மெஷின் அம்மா சில நாள் கழித்துக் கடைக்கு வந்தார். நான் கிடங்கு பக்கம் ஒளிந்துகொள்ளலாமா என்று பார்த்தேன், அதற்குள் பார்த்துவிட்டார். மெஷினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நேராக என்னிடம் வந்து, "பொண்ணுக்கு ஆறிடுச்சா" என்று கேட்டார். நான் நடந்ததை மறைக்காமல் சொன்னேன், நானே நிறுத்தினேன் என்பதையும் சொன்னேன். பொண்ண பாத்துக்கோங்க சார் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார், அதற்கு அவர் நாலு அறை விட்டிருக்கலாம். கேஷியர் கேட்டார், முதலாளி கேட்டார், வண்டி ஓட்டுகிறவர் கேட்டார், எல்லாரும் கேட்டது அது ஒன்றைத்தான், பொண்ணு எப்படி இருக்கு, குழந்த எப்படி இருக்கு. நான் இத்தனை நாளும் பயந்துகொண்டிருந்த அந்தக் கறையைப் பற்றி ஒருவர் வாயிலிருந்தும் ஒரு சொல் வரவில்லை. அன்றைக்கு அந்தக் கடையில் இருந்தவர்கள் அத்தனை பேரும் உன்னைத்தான் பார்த்திருக்கிறார்கள், கறையைப் பார்த்தது நான் ஒருவன்தான்.

எழுதிக்கொண்டே போனால் உன் அம்மா பெட்டியை மூடிவிடுவாள். மாப்பிள்ளையிடம் நான் கேட்டதாகச் சொல், வேலைக்கும் வீட்டுக்கும் அலைந்து அவரும் இளைத்திருப்பார், அவரும் நேரத்துக்குச் சாப்பிடட்டும். பேத்திக்கு என் முத்தம், அவளுக்குத் தலை நிற்கும்வரை கழுத்தைப் பார்த்துத் தூக்கு. அம்மா வந்து இறங்கியதும் பெட்டியைத் திறக்க விடாதே, முதலில் உன் தையலை அவளிடம் காட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டு நீயும் குனிந்து பார். நர்ஸ் வந்தால் கதவைத் திறந்து வை. நீயும் உன் குழந்தையும் நோய்நொடி இல்லாமல், யார் முன்னாலும் கூசாமல், நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் என்று மனசாரச் சொல்கிறேன், இப்படி ஆசி சொல்ல எனக்கு இன்னும் தகுதி இருக்கிறதோ என்னவோ, இருந்தாலும் வாங்கிக்கொள். இதைப் படித்துவிட்டு உனக்குக் கோபம் வரட்டும். வந்தால் கூப்பிட்டுத் திட்டு. திட்டப் பிடிக்காவிட்டால், எந்த நேரமானாலும் சரி, வலிக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுச் சும்மா இரு. நான் போனை வைக்கமாட்டேன்.

உன் அப்பா